பாயில் விதியும் ஒரு திருமாங்கல்யமும்

எங்கள் கல்லூரியில் இப்போது பௌதிகம் நடத்தும் இளம் விரிவுரையாளர்கள் இருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் வருஷ மாணவிகள் கையில் இனிமேல் பாதரசம் கொடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டதாம். பாயில் விதிக் கருவிகளைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். நல்ல காரியம். பாதரச ஆவி உடம்புக்கு ஆகாது என்று எங்கள் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி இருந்தது. நாங்கள்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. "உங்க காலத்துல பாதரசத்தால ஏதாவது விபத்து நடந்திருக்கா மேடம்? ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். நடந்திருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கிற மாதிரியான விபத்து இல்லை. அதனால்தான் எழுதச் சம்மதித்தேன்.

நான் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பிறந்தவள். எனக்குக் கணக்கு வந்தது, சமையல் கட்டில் தளிகை பண்ண வரவில்லை, வேறு போக்கில்லாமல் படிக்க வைத்தோம் என்று என் அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் பௌதிகம் எடுத்து பி.ஏ. படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆண் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் முதல் பெஞ்சில் தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததில் கழுத்து வலித்தது, அவ்வளவுதான். பிறகு கல்யாணம். என் கணவர் பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தா. நான் வேலைக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. அவருடைய சொந்தக்காரர்களுக்கு இருந்த ஆட்சேபத்தை அவரே காது கொடுத்துக் கேட்டு, அங்கேயே விட்டுவிட்டு வருவார். முப்பதுகளின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டராகச் சேர்ந்தேன். வகுப்பில் புரொபசர் பாடம் சொல்லும்போது மேஜைமேல் கருவியை இயக்கிக் காட்டுவதும், லாபில் மாணவிகள் எடுக்கிற அளவுகளைச் சரிபார்ப்பதும் என் வேலை.

இன்டர்மீடியட் முதல் வருஷம் வரும் பெண்களில் பாதிப் பேர் அதுவரை ஒரு திருப்புளியைக் கூடக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள். வகுப்பு முழுக்க இங்கிலீஷில் நடக்கும். ஒரு விஷயம் கூட விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் காதில் விழுந்ததை எல்லாம் எழுதுவார்கள். நியூட்டனின் இரண்டாம் விதிக்கு நடுவில் "அந்த ஜன்னலைச் சாத்து" என்று புரொபசர் சொன்னதையும் ஒருத்தி எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள். வீணை கற்ற பெண்கள் சோனோமீட்டரில் இன்னொரு விதமாக மாட்டிக்கொள்வார்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் மேல் சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து, சுருதிக் கவையின் அதிர்வோடு கம்பி ஒத்துப் போகும்போது அந்தக் காகிதம் துள்ளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவர்கள் காகிதத்தைத் தொடுவதே இல்லை. கம்பியை மீட்டி, கண்ணை மூடி, "சேர்ந்துடுத்து" என்று அளவை எழுதிவிடுவார்கள். அளவு சரியாகவும் இருக்கும்! ஆனாலும் காகிதத்தை வைக்கச் சொல்லி மறுபடி எடுக்க வைப்போம். காது உனக்கு மட்டும் சொந்தம், காகிதம் விழுவதை எல்லோரும் பார்க்கலாம் என்று நான் விளக்குவேன்.

இந்த "எல்லோரும் பார்க்கலாம்" என்பது என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் பௌதிகத் துறையின் தலைவி மிஸ் சாலமன் சொல்லிச் சொல்லி என் வாயில் ஏறியது. அவர் பாளையங்கோட்டைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, தோளில் ஒரு ஊசி, இடது கையில் ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், வலது கையில் சிவப்புப் பென்சில். தப்பு என்று ஒரு மாணவியிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "மறுபடி எடு" என்பார். அளவு சரியாக இருந்தாலும் அதையேதான் சொல்வார். புத்தகத்தில் போட்டிருக்கிற விடை அப்படியே வந்துவிட்டால் இன்னும் மோசம். பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவு அழகா வருதுன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு. கருவி பார்த்ததை எழுதினியா, நீ ஆசைப்பட்டதை எழுதினியா?" என்று கேட்பார். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. கோபமே இல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், கூப்பிடப்பட்டவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

பாயில் விதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடைத்து வைத்த காற்றின் மேல் அழுத்தம் கூடக் கூட அது அடைத்துக்கொள்கிற இடம் குறையும். எங்கள் கருவியில் ஒரு மரச் சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று மேலே மூடியது, மற்றது திறந்தது. இரண்டையும் ரப்பர்க் குழாய் சேர்க்கும். உள்ளே பாதரசம். திறந்த குழாயை ஏற்றி இறக்கி, பாதரச மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து அளவெடுக்க வேண்டும். அடியில் ஒரு மரத்தட்டு. பாதரசம் சிந்தினால் அதில் விழட்டும் என்று.

பாதரசம் தங்கத்தின் மேல் பட்டால் நொடியில் ஒட்டிக்கொண்டு அதை வெளுக்கச் செய்துவிடும். ஆகையால் பாயில் விதி அன்றைக்கு லாப் வாசலில் ஒரு எனாமல் கிண்ணம் இருக்கும். வளையல், மோதிரம் எல்லாம் அதில் இறங்க வேண்டும். கல்யாணமான பெண்கள் திருமாங்கல்யத்தை ரவிக்கைக்குள் விட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொள்ள வேண்டும். கழற்று என்று நாங்கள் சொல்ல முடியாது, அவர்களும் கழற்ற மாட்டார்கள். மிஸ் சாலமன் இந்த விஷயத்தில் என்னைத்தான் கேட்டார். கழற்றவே கூடாதா என்றார். கூடாது மிஸ் என்றேன். அப்படியானால் அதற்கு ஏற்றபடி முறையை வைத்துக்கொள்வோம் என்று அதோடு விட்டுவிட்டார்.

யுத்த காலம். ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று பத்திரிகையில் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. முதல் வருஷ வகுப்பில் செங்கமலம் என்று ஒரு பெண். ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. பதினாறு பதினேழு வயது. கல்யாணம் ஆன கையோடு அவள் கணவன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் அங்கே காலூன்றும் வரைக்கும் இவள் மாமியார் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று ஏற்பாடு. ரங்கூன் விழுந்ததிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படிப்பில் சுமார்தான். ஆனால் கருவியைத் தொட்டால் அவள் கை நடுங்காது. வகுப்பிலேயே அவள் எடுக்கிற அளவுதான் நம்பத் தகுந்தது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் கணவன் பிழைத்து வந்தான். மணிப்பூர் வழியாகக் கால்நடையாகவே வந்து சேர்ந்தவர்களில் அவனும் ஒருவன். நான் எழுதப்போகிற விஷயத்துக்கும் அவன் பிழைத்து வந்ததற்கும் துளிக்கூடச் சம்பந்தம் கிடையாது. கடைசியில் சொன்னால் யாராவது இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். அதற்கு இடம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

அன்று சாயங்கால லாப். செங்கமலத்தோடு ஜோடி சேர்ந்து செய்தவள் நூர்ஜஹான் என்ற பெண். கோட்டைப் பக்கம் அவள் அத்தாவுக்குத் துணிக்கடை. திறந்த குழாயைக் கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டதில் பாதரசம் வழிந்து மரத்தட்டில் மணிமணியாக ஓடியது. காகிதத்தை மடித்து அள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் பாதரசத்தைக் கண்டால் கையில் எடுத்துப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. இத்தனூண்டு மணிக்கு அத்தனை கனம். செங்கமலம் ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து மிஸ் சாலமன் வாசலில் இருந்து, அளவு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக, "செங்கமலம்!" என்று கூப்பிட்டார்.

எங்கள் பெண்களுக்குத் திக்கென்றால் கை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில்தான், திருமாங்கல்யத்தின் மேல்தான். குனிந்து குனிந்து அளவெடுத்ததில் அது ஏற்கெனவே வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாதரசம் இருந்த அதே கையால் அதை இறுகப் பிடித்தாள்.

"ஐயையோ டீச்சர், இங்க வாங்க, செங்கமலத்தோட தாலியைப் பாருங்க!" என்று நூர்ஜஹான் அலறினாள்.

நான் ஓடிப் போவதற்குள் செங்கமலம் புடவைத் தலைப்பால் தேய்த்திருந்தாள். தேய்க்கத் தேய்க்க அது பரவும். நாமம் பொறித்த தகடு ஈயம் பூசின பாத்திரம் போல ஆகிவிட்டது. அவள் அழவில்லை. தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தகட்டைப் பார்த்தாள். எனக்கும் பயம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பௌதிகம் படித்தவள்தான் நான். ஆனால் நானும் ஸ்ரீரங்கத்துக்காரி, என் கழுத்திலும் ஒன்று இருந்தது. ரங்கூனில் இருந்து தகவல் வராத ஒருவனின் பெண்டாட்டிக்குத் தாலி வெளுத்தால் எங்கள் வீதிகளில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் காலேஜ் படிப்பு அன்றோடு சரி. படிப்போடு போனாலும் பரவாயில்லை. அவன் வரும் வரைக்கும், வராமல் போனால் ஆயுசு முழுக்க, அவளால்தான் என்று சொல்வார்கள்.

மிஸ் சாலமன் வந்து பார்த்தார். எடுத்த எடுப்பில், "நான் அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் ஒரு மாணவியிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என்னிடம், பாதரசத்தைச் சூடு பண்ணினால் ஆவியாகிப் போய்விடும், தங்கம் அப்படியே நிற்கும், கெமிஸ்ட்ரி அறையில் கண்ணாடிக் கதவு போட்ட புகைப் பெட்டியில் வைத்துச் செய்யலாம் என்றார்.

எனக்கு அவசரம். "இப்பவே பண்ணிடலாம் மிஸ். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள பழையபடி போட்டுண்டு ஆத்துக்குப் போயிடட்டும்" என்றேன்.

"மாட்டேன்" என்றாள் செங்கமலம். தகட்டை மூடின கையை எடுக்கவே இல்லை. "அம்மா இல்லாம நான் கழட்ட மாட்டேன் டீச்சர்." அம்மா என்று அவள் சொன்னது மாமியாரை.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி. ஒளிச்சுப் பண்ணினா அதுக்குப் பேர் சோதனை இல்லை. அவங்க வந்து பார்க்கட்டும்" என்றார் மிஸ் சாலமன்.

இதற்குள் மணி அடித்து, ஸ்ரீரங்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜட்கா கிளம்பிவிட்டது. ஜட்காவுக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருக்கும் போலிருக்கிறது. நான் செங்கமலத்தை அழைத்துக்கொண்டு சித்திரை வீதியில் இறங்கியபோது அவர்கள் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மாமியார் கோமளம் மாமி எங்களை உள்ளே விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மெலிந்த உடம்பு, மடிசார் கட்டு, மூக்கில் பேசரி. மருமகளின் கழுத்தில் இருந்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தானே அவள் ரவிக்கைக்குள் விட்டு, தலைப்பை இழுத்து மூடினார்.

"போறும் படிச்சது" என்றார் என்னிடம். "ஆரம்பத்துலேயே எல்லாரும் சொன்னா. நான்தான் கேக்கலை. பிள்ளை அங்க என்ன பாடு படறானோ தெரியலை. இங்க இது."

"மாமி, இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரசம் பட்டா எந்தப் பொன்னும் வெளுக்கும். சூடு பண்ணினா திரும்பிடும். நாளைக்குக் கார்த்தால நீங்களே காலேஜுக்கு வந்து பாருங்கோ" என்றேன்.

"திரும்பும்னு நீங்க பார்த்திருக்கேளா?"

பாதரசம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு நாள் கூட அதைக் கொதிக்க வைத்துப் பார்த்ததில்லை.

"பார்த்ததில்லை மாமி. ஆனா திரும்பும்."

"திரும்பலைன்னா?"

"திரும்பலைன்னா நானும் அந்தக் காலேஜை விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்ன பிறகு அதில் எனக்கு வருத்தமில்லை. என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, தளிகை கற்றுக்கொள்ள இன்னும் வயசு இருக்கிறது என்றார்.

கோமளம் மாமி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "நீ உத்திர வீதி கணக்கு வாத்தியார் பொண்ணுதானே? உங்கப்பாவும் இப்படித்தான் பேசுவார்" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே கெமிஸ்ட்ரி அறைக்குப் போனேன். மிஸ் சாலமன் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். முன்னால் ஒரு சோதனை பார்க்காமல் பிறத்தியார் பொருளைத் தொடக் கூடாது என்றார். என் தோட்டின் திருகாணி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். பாதரசத்தில் போட்டு எடுத்து, மூசை என்கிற பீங்கான் கிண்ணத்தில் வைத்து, புகைப் பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கின் மேல் ஏற்றி, கதவை இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை போய்விட்டது. ஆனால் மஞ்சள் வரவில்லை. ஆறவைத்து எடுத்தால் திருகாணி காவிரி வண்டல் நிறத்தில் இருந்தது. "மறுபடி சூடு பண்ணிப் பார்ப்போம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோமளம் மாமியும் செங்கமலமும் வாசலில் வந்து நின்றார்கள்.

திருகாணியைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. மிஸ் சாலமன் அதற்கு இடம் வைக்கவில்லை. மாமியைக் கும்பிட்டு, "அம்மா, காலையில ஒண்ணு செஞ்சு பார்த்தோம். வெள்ளை போயிடுச்சு. நிறம் இன்னும் வரலை. இதைப் பார்த்துட்டு நீங்க முடிவு சொல்லுங்க" என்று திருகாணியை ஒரு தாளில் வைத்து நீட்டினார்.

மாமி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலண்டை போனார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் காண்பித்தார். "இது வெறும் மேல் அழுக்கு. பத்தர் நகையை நெருப்புல வாட்டிக் குடுத்தா இப்படித்தான் கருத்திருக்கும். பூந்திக்கொட்டை இருக்கா இங்க?"

ஹாஸ்டலில் இல்லாமல் இருக்குமா? ஊறவைத்து நுரைத்துக் கொண்டுவந்தேன். தேய்க்கத் தேய்க்கத் திருகாணி மஞ்சளாகி வந்தது. மாமி அதை என்னிடம் தந்துவிட்டு, மடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் பூசின புதுச் சரடு, அதன் நடுவில் கட்டின ஒரு மஞ்சள் கிழங்கு. அவர் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கிழக்கு எது?" என்று கேட்டார்.

அந்த அறையில் எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மிஸ் சாலமன் போய் லாபில் இருந்து திசைகாட்டியை எடுத்துவந்தார். பக்கத்தில் இருந்த இரும்புத் தாங்கியைத் தள்ளி வைத்தார். முள் ஆடி நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, "இந்தப் பக்கம், அம்மா" என்று காட்டினார். செங்கமலத்தைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, மாமி முதலில் புதுச் சரட்டை அவள் கழுத்தில் கட்டி முடிச்சிட்டார். அதன் பிறகுதான் பழைய சரட்டை அவிழ்த்தார். ஒரு கணம் கூட அந்தக் கழுத்து வெறுமையாக இருக்கவில்லை. சூட்டில் அரக்கு உருகிவிடும் என்று, அரக்கு நிறைத்த குண்டு மணிகளைக் கோத்தபடியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தகட்டை மட்டும் கொடுத்தார்.

மிஸ் சாலமன் அதை நேராக விளக்கண்டை கொண்டுபோகவில்லை. தராசுக்குக் கொண்டுபோனார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசு அது. மூச்சுக் காற்றுப் பட்டாலும் முள் அசையும். மாமியையும் பக்கத்தில் உட்காரவைத்து எடை பார்த்தார். பிறகு மூசையில் வைத்துப் புகைப் பெட்டிக் கதவை இறக்கி, எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். செங்கமலம் கழுத்தில் இருந்த மஞ்சள் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தகட்டின் வெள்ளை ஓரத்தில் இருந்து சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாக நின்று, அதுவும் போயிற்று. நான் எத்தனையோ சோதனைகளை ஆயிரம் தடவை செய்து காட்டியிருக்கிறேன். இதை மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆறிய பின் மறுபடி எடை. "பாதரசம் போன எடை குறைஞ்சிருக்கு. இப்ப இருக்கறது முழுக்க உங்க பொன்தான். ஆனா வாங்கினப்போ இருந்த எடையோட ஒத்துப் பார்க்க எனக்கு வழியில்லை" என்றார் மிஸ் சாலமன்.

"ஒரு பவுன். நானே நின்னு நிறுத்து வாங்கினேன்."

மிஸ் சாலமன் மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்படின்னா ஒரு மயிரிழை கம்மியா இருக்கு அம்மா. அது தேய்மானமா, இதனால ஆனதான்னு எனக்குத் தெரியாது."

"தினம் மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சா தேயாதா?" என்று மாமி அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட்டார். ஆனால் தெரியாது என்று மிஸ் சாலமன் சொன்னதற்குப் பிறகுதான் மாமியின் முகத்தில் ஒரு இறுக்கம் விட்டது. அது வரைக்கும் எங்களை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பூந்திக்கொட்டை நுரையில் அவரே தகட்டைத் தேய்த்தார். நாமம் பளிச்சென்று தெரிந்தது. சரட்டில் கோத்து மருமகள் கழுத்தில் கட்டி, குங்குமம் வைத்தார். செங்கமலம் அப்போதுதான் அழுதாள்.

அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். வேலையை விட வேண்டாம் என்ற நிம்மதியில் மூசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமி, "அந்த ரசம் எங்கே? கொண்டா, பார்க்கறேன்" என்றார்.

கிண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தொடாதீங்கோ மாமி என்றேன். அவர் விரலால் தொடவில்லை. புடவைத் தலைப்பை விலக்கி, கழுத்தில் இருந்த தம் திருமாங்கல்யத்தை வெளியே எடுத்தார். குனிந்து, அவிழ்க்காமலே, அதைக் கிண்ணத்தில் தோய்த்தார்.

"அம்மா!" என்று செங்கமலம் கத்திவிட்டாள். மிஸ் சாலமன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். நான் கிண்ணத்தைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம்.

மாமி நிமிர்ந்தார். தகடு வெள்ளையாகத் தொங்கியது.

"குடுங்க அம்மா, இதையும் சரி பண்ணிடறேன்" என்றார் மிஸ் சாலமன். மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இப்ப வேண்டாம்" என்றார் மாமி. "இவளோடது திரும்பிடுத்துன்னு நான் சொன்னா ஒருத்தி நம்பமாட்டா. மாத்திப் புதுசு பண்ணிட்டான்னு சொல்லுவா. கோயிலுக்குப் போனா, தீர்த்தம் எடுக்கப் போனா, இவ கழுத்தையே பார்ப்பா. பார்க்கட்டும். அப்படியே என் கழுத்தையும் பார்க்கட்டும். என் ஆத்துக்காரர் வாசல்லயேதான் உட்கார்ந்திண்டிருக்கார். அவருக்கு என்ன ஆயிடுத்துன்னு அவரையே கேட்டுக்கட்டும்."

அவர் யாருக்குச் சொன்னார் என்று பிறகு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வீதிக்குச் சொன்னார்தான். ஆனால் ரங்கூனில் காணாமல் போனவன் அவர் பெற்ற பிள்ளை. ராத்திரி முழுக்க அந்த வெள்ளைத் தகடு அவர் கண்ணில் நின்றிருக்கும். மருமகளுக்கு ஆனது தனக்கும் ஆகட்டும், அப்புறமும் தன் கணவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா, பார்த்துவிடுகிறேன் என்று துணிந்துவிட்டார். ஒன்றை நிரூபிக்க வேண்டுமானால் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். தம் கழுத்தில் இருப்பதை வைத்து அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

செங்கமலம் அன்று மத்தியானமே வகுப்பில் உட்கார்ந்தாள். மாமி வெளுத்த திருமாங்கல்யத்தோடு பரீட்சை முடியும் வரைக்கும் சித்திரை வீதியில் நடமாடினார். கேட்டவர்களுக்கு எல்லாம் ரசம், பொன், சூடு என்று அவர் விளக்கம் சொன்னதாகவும், பக்கத்து வீட்டுக்காரிகள் கொஞ்ச நாளில் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போக ஆரம்பித்ததாகவும் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் அந்த வீதியில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள் பௌதிகம் எடுத்துச் சேர்ந்தார்கள். நாற்பது வருஷம் ஆகியும் என் வேலையில் எனக்குப் பெருமை எது என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு பெண்களைத்தான் சொல்வேன்.

பிராக்டிகல் பரீட்சை முடிந்த மறுநாள் மாமி காலேஜுக்கு வந்தார். மடியில் புதுச் சரடும், மஞ்சள் கிழங்கும், இந்தத் தடவை பூந்திக்கொட்டையும் வீட்டில் இருந்தே கொண்டுவந்திருந்தார். ரங்கூனில் இருந்து அன்று வரைக்கும் ஒரு தகவலும் வந்திருக்கவில்லை. நான் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக்கொண்டே, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "மாமா சௌக்கியமா இருக்காரா மாமி?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன?" என்றார் மாமி, புதுச் சரட்டைக் கட்டிக்கொண்டு பழையதை அவிழ்த்தபடி. "குழம்புல உப்பு ஜாஸ்தின்னு கார்த்தாலதான் ஒரு பாட்டம் கத்திட்டுப் போயிருக்கார்."